ஒளியில் மாறும் மூன்று சாயங்கள்: பாம்பன் வெக்கைக்கு எது?

நிறம் மாறும் மூக்குக்கண்ணாடி கொடைக்கானல் குளிரில் கருகருவென இருட்டும். அதே கண்ணாடி சித்திரை மாதத்துப் பாம்பன் வெயிலில் அரைகுறையாகத்தான் இருட்டும். கண்ணாடியில் கோளாறில்லை. அதிலுள்ள சாயத்துக்குப் புற ஊதா ஒளி நிறம் கொடுக்கிறது. வெப்பம் அந்த நிறத்தைக் கலைக்கிறது. வெக்கை ஏற ஏறக் கலையும் வேகமும் ஏறும். அதனால் இப்படி ஒளி பட்டதும் வடிவமோ நிறமோ மாறி, பிறகு பழையபடி திரும்பும் மூலக்கூறு ஸ்விட்சுகளை ராமநாதபுரம் கரையிலிருந்து எடைபோடும்போது, சூட்டில் நிலைக்குமா என்றுதான் நான் முதலில் பார்ப்பேன்.

மூன்று சாயங்களில் அசோபென்சீன் மூத்தது. அதன் வடிவம் ஒளியால் மாறுவதை 1937இல் ஹார்ட்லி என்ற வேதியியலாளர் காட்டினார். 365 நானோமீட்டர் அலைநீளப் புற ஊதா ஒளி பட்டால் நீண்டிருக்கும் மூலக்கூறு மடங்குகிறது; நீல ஒளியோ வெப்பமோ அதை நிமிர்த்துகிறது. முனைக்கு முனை 0.9 நானோமீட்டர் இருந்தது 0.55 ஆகக் குறையும். அசைவு வேண்டுமென்றால் இதற்குப் போட்டியே இல்லை: இதைச் சேர்த்த பாலிமர் படலம் ஒளி பட்டதும் வளைகிறது.

டையரைல்எத்தீன் 1988இல் ஜப்பானில் மசாஹிரோ இரியே கொண்டுவந்தது. புற ஊதாவில் வளையம் மூடி நிறம் வரும், கண்ணுக்குத் தெரியும் ஒளியில் திறந்து நிறம் போகும். சூடு இதை அசைப்பதில்லை. பத்தாயிரம் முறைக்கு மேல் மாறியும் தாங்கும் வகைகள் உண்டு. தகவலைப் பதிந்து வைக்க இதுதான் சரி. ஆனால் நம் வெயிலில் அந்த இரண்டு ஒளியும் சேர்ந்தே வருகின்றன. வெட்டவெளியில் வைத்தால் எழுதியது அழிந்துபோகும்.

ஸ்பைரோபைரான் இவற்றில் நோஞ்சான் என்றே பெயரெடுத்தது. புற ஊதாவில் நீலமோ ஊதாவோ ஆகும், இருட்டில் தானாக வெளுக்கும், திரும்பத் திரும்ப மாற்றினால் சிதையும். இருந்தும் இந்தக் கரைக்கு நான் சொல்வது இதைத்தான். மண்டபத்திலிருந்து ஐஸ் போட்டு வெளியூர் போகும் நண்டு, இறால் பெட்டியை நினைத்துப் பாருங்கள். பெட்டியில் ஒட்டும் லேபிளில் இந்தச் சாயத்தைப் பூசி, ஒருமுறை புற ஊதா காட்டி நீலமாக்கினால் போதும். ஐஸ் உருகாமல் இருந்தால் நிறம் மெல்ல வெளுக்கும். வழியில் ஐஸ் உருகினால் சட்டென்று வெளுக்கும். வாங்குபவர் நிறத்தைப் பார்த்தே, சரக்கு எவ்வளவு நேரம் எவ்வளவு சூட்டில் கிடந்தது என்று கணிக்கலாம். இந்த வகை லேபிள்கள் ஏற்கெனவே செய்யப்பட்டிருக்கின்றன. நீலமாக்கியதும் மேலே புற ஊதாவைத் தடுக்கும் படலம் ஒன்றை ஒட்டிவிடுவார்கள். அது இல்லாவிட்டால், பெட்டி வெயிலில் கிடந்தாலே லேபிள் மறுபடி நீலமாகி, கெட்ட இறாலும் நல்லதாகத் தெரியும்.