பதினோரு வருடமாக ஒரு பழைய புல்லட்: கார்புரேட்டர் மேல் நான் போட்ட வீண் பழி

2014-ல் வாங்கியபோது வண்டிக்கு வயது 28. 1986-ல் திருவொற்றியூர் தொழிற்சாலையில் செய்த ராயல் என்ஃபீல்டு புல்லட், 350 சி.சி. காஸ்ட் அயர்ன் என்ஜின், கியர் வலது காலில், பிரேக் இடது காலில். கரூர் பக்கம் ஒரு தோப்பு வீட்டில் உர மூட்டைகளுக்கு நடுவே நின்றிருந்தது. டேங்கைத் திறந்து டார்ச் அடித்தால் உள்ளே செம்மண் ரோடு மாதிரி துரு. விலை பேசும்போது விற்றவர் சொன்ன ஒரே உத்தரவாதம், "கிக் பண்ணா ஸ்டார்ட் ஆவும்." எத்தனை கிக்கில் என்று நான் கேட்கவில்லை.

இந்தப் பதினோரு வருடத்தில் 23,000 கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறேன். பெரும்பாலும் திருச்சிக்குள்ளும் சுற்றியும்தான். என்ஜினை இரண்டு முறை பிரித்திருக்கிறேன். என் ஒர்க்‌ஷாப் என்பது வீட்டுப் போர்டிகோவில் கார் நிற்காத பாதி. ஒரு பழைய பீரோ, ஒரு மர பெஞ்சு, தரையில் அட்டைப்பெட்டி விரிப்பு. மழை சாய்த்து அடித்தால் வேலை நிறுத்தம்.

முதல் இரண்டு வருடம் நான் செய்ததற்கு டியூனிங் என்று பெயர் வைத்திருந்தேன். உண்மையில் அது, பெட்ரோலையும் காற்றையும் கலந்து என்ஜினுக்குக் கொடுக்கும் கார்புரேட்டரைச் சித்திரவதை செய்தது. வண்டி வீட்டில் நன்றாக ஸ்டார்ட் ஆகும். இருபது நிமிடம் ஓட்டியதும் மிஸ்ஸிங் வரும், சைலன்சரில் டப் டப் என்று வெடிக்கும், பிறகு நின்றுவிடும். மர நிழலில் பத்து நிமிடம் நிறுத்தினால் ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பும். நான் பெட்ரோல் வரும் சின்னத் துளைகளான ஜெட்டுகளில் ஸ்லோ ஜெட்டைக் கழற்றி ஊதினேன், மெயின் ஜெட்டை மாற்றினேன், காற்றின் அளவை மாற்றும் ஏர் ஸ்க்ரூவைக் கால் சுற்று உள்ளே, அரைச் சுற்று வெளியே என்று திருகிக்கொண்டே இருந்தேன். கடைசியில் புது மிக்கார்ப் கார்புரேட்டர் ஒன்றே வாங்கி மாட்டினேன். அதுவும் இருபதாவது நிமிடம் நின்றது.

அப்போதுதான் எங்கள் தெரு முனையில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த பாய், வேறு வேலையாக வீட்டுப் பக்கம் வந்தவர், கதையைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "தம்பி, சூடானா நிக்குது, ஆறினா ஓடுதுன்னா கார்புரேட்டர ஏன் நோண்டுறீங்க? கண்டன்சர பாருங்க." பாயிண்ட் என்பது திறந்து மூடி பிளக்கில் பொறி வரச் செய்யும் சின்ன சுவிட்ச்; கண்டன்சர் அதோடு சேர்ந்த மின் பாகம். சிலிண்டருக்குப் பின்னால் வலப்பக்கம் இருக்கும் பாயிண்ட் மூடியைக் கழற்றி, கிக்கரை மெல்ல மிதிக்கச் சொன்னார். பாயிண்ட் திறக்கும் இடத்தில் நீலமாக ஒரு தீப்பொறி பளிச் என்று அடித்தது. கண்டன்சர் நன்றாக இருந்தால் அங்கே அவ்வளவு பொறி வராதாம். பாயிண்ட்டின் ஒரு முகத்தில் குழி, எதிர் முகத்தில் மேடு. சின்னதாக ஒரு கண்டன்சர், கூடவே ஒரு பாயிண்ட் செட். நான் கார்புரேட்டருக்குச் செலவழித்ததில் பத்தில் ஒரு பங்கு கூட ஆகவில்லை.

அன்றிலிருந்து ஒரு வரிசை வைத்திருக்கிறேன். முதலில் பிளக், பாயிண்ட், டைமிங் (பொறி விழும் நேரம்). அப்புறம் டேப்பெட் (வால்வுகளைத் தள்ளும் பாகங்களின் இடைவெளி). அப்புறம் ஹெட்டுக்கும் கார்புரேட்டருக்கும் நடுவே காற்றுக் கசிவு. இத்தனையும் சரியாக இருந்தால்தான் ஏர் ஸ்க்ரூவில் ஸ்க்ரூடிரைவர் வைப்பேன். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றுவேன், மாற்றியதை நோட்டில் எழுதுவேன். நோட்டின் முதல் பக்கங்களைப் பார்த்தால் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் நாலு மாற்றம் செய்திருக்கிறேன். எது வண்டியைக் கெடுத்தது என்று கடவுளுக்கே தெரியாது.

டைமிங் வைப்பது எனக்குப் பிடித்த வேலை. சென்டர் ஸ்டாண்ட் போட்டு, நாலாவது கியரில் வைத்து, பிளக்கைக் கழற்றிவிட்டுப் பின் சக்கரத்தைக் கையால் உருட்டினால் பிஸ்டன் நம் சொல்படி ஏறி இறங்கும். பிளக் துளை வழியாகச் சைக்கிள் ஸ்போக் ஒன்றை விட்டு உச்சி எது என்று பார்ப்பேன். துளை சரிவாக இருப்பதால் அளவு கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், ஆனால் சாலைக்குப் போதும். முதலில் பாயிண்ட் முழுதாகத் திறந்திருக்கும்போது, இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜில் 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். பிறகு இரண்டு முகங்களுக்கும் நடுவே மெல்லிய தாள். சிகரெட் பேப்பர் என்பார்கள். எனக்கு வாகாக இருப்பது நகைக்கடையில் மோதிரம் சுற்றித் தரும் ரோஸ் தாள். ஒரு கையால் தாளை லேசாக இழுத்துப் பிடித்துக்கொண்டு மறு கையால் சக்கரத்தை உருட்ட வேண்டும். கம்ப்ரெஷனில் ஏறிவரும் பிஸ்டன் உச்சிக்கு 0.8 மில்லிமீட்டர் கீழே இருக்கும்போது தாள் வழுக்கிக்கொண்டு கைக்கு வர வேண்டும். முன்பே வந்தால் கிக்கர் திருப்பி அடிக்கும், கணுக்கால் ஒரு வாரம் பேசும். தாமதமாக வந்தால் சைலன்சர் பைப் மஞ்சளாகி நீலமாகும், வண்டி மேட்டில் மூச்சு வாங்கும்.

டேப்பெட்டுக்கு ஃபீலர் கேஜே வேண்டாம். என்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும், பிஸ்டன் கம்ப்ரெஷன் உச்சியில் நிற்க வேண்டும். வலப்பக்கம் ஒரே நட்டில் நிற்கும் மூடியைத் திறந்தால் வால்வுகளைத் திறக்கும் இரண்டு புஷ் ராடுகளின் அடிப்பகுதி தெரியும். விரலால் உருட்டினால் உருள வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. கேட்க எளிது. செய்யும்போது மூன்று மெல்லிய ஸ்பேனர், இரண்டு கை. லாக் நட்டை இறுக்கும்போதே இடைவெளி மாறிவிடும். எனக்கு முதல் முறை ஒன்றரை மணி நேரம் ஆனது. இப்போது இருபது நிமிடம், அதிலும் ஐந்து நிமிடம் திட்டுவதற்கு. சில நட்டுகளுக்கு மில்லிமீட்டர் ஸ்பேனர் உட்காராது, அவை பழைய இங்கிலாந்து அளவு. இங்கிலாந்தின் ரெடிச் ஊரில் பிறந்த டிசைன், 1955-ல் மெட்ராசுக்கு வந்தது, ஸ்பேனர் அளவையும் கூடவே கொண்டுவந்துவிட்டது. அதற்கென்று ஒரு விட்வொர்த் செட் சென்னை ஜி.பி. ரோட்டில் தேடி வாங்கினேன். அதற்குள் இரண்டு நட்டின் முனைகளை மழுக்கியிருந்தேன்.

ஸ்டார்ட் செய்வதை அனுபவசாலி யாராவது பக்கத்தில் நின்று காட்டினால் நல்லது. சாவி போட்டு, அம்மீட்டர் முள்ளைப் பார்த்துக்கொண்டே கிக்கரை மெல்ல அழுத்த வேண்டும். கால் முட்டுகிற இடத்தில், சிலிண்டர் அழுத்தத்தை வெளியே விடும் டிகம்ப்ரஸர் லீவரைப் பிடித்து, முள் நடுவுக்கு வரும் வரை இன்னும் கொஞ்சம் தள்ளி, லீவரை விட்டு, கிக்கரை மேலே கொண்டுவந்து ஒரே மிதி. பலம் வேண்டியதில்லை. என் மனைவி முதல் கிக்கில் எடுத்துவிடுவாள். ஜிம்முக்குப் போகும் மச்சான் வியர்த்துப் போய் உட்காருவான்.

ஆயில் கசிவு பற்றிக் கேட்காதவர்கள் இல்லை. கசியும். கிளட்ச்சை மூடி ஒற்றை நட்டில் நிற்கும் பிரைமரி மூடியின் அடியில் சொட்டும். அதை நிறுத்துகிறேன் பேர்வழி என்று ஒருமுறை சீலன்டைத் தாராளமாகப் பூசினேன், நட்டையும் பலமாக இறுக்கினேன். மூடி வளைந்து, முன்பு சொட்டியது இப்போது வழிந்தது. கண்ணாடி மேல் எமரி பேப்பர் ஒட்டி, மூடியின் விளிம்பை ஒரு மாலை முழுக்கத் தேய்த்துச் சமமாக்கி, புது ரப்பர் போட்டு, அளவாக இறுக்கினேன். இப்போது வாரத்துக்கு இரண்டு சொட்டு. அதற்கு ஒரு பழைய தினசரித் தாள் போதும். இன்னொன்று, மாதக் கணக்கில் நிறுத்தி வைத்தால் ஆயில் தன் டேங்கிலிருந்து மெல்ல இறங்கி என்ஜின் அடியில் இருக்கும் சம்ப்பில் சேர்ந்துவிடும். டிப்ஸ்டிக்கில் ஆயில் காணோம் என்று மேலே ஊற்றிவிடாதீர்கள். நான் ஊற்றினேன். அன்று தெரு முழுக்கப் புகை, எதிர் வீட்டு அம்மா கொசு மருந்து வண்டி என்று நினைத்து ஜன்னலைச் சாத்தினார். சம்ப் போல்ட்டைத் திறந்து வடித்துவிட்டு ஸ்டார்ட் செய்தால் தொல்லை இல்லை.

சமீபத்திய தலைவலி பெட்ரோல். 20 சதவீத எத்தனால் வந்த பிறகு பெட்ரோல் டேப்பின் உள்ளே இருந்த பழைய ரப்பர் உப்பி, பெட்ரோல் ரிசர்வில் மட்டும் வந்தது. புது வாஷர் போட்டேன். பிளக் முகம் முன்பு காப்பிப் பொடி நிறத்தில் இருக்கும், இப்போது வெளுக்க ஆரம்பித்தது. பெட்ரோல் கொஞ்சம் கூடுதலாக வரட்டும் என்று கார்புரேட்டர் நீடிலின் கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்கினேன், நிறம் திரும்பியது. ஒரு வாரத்துக்கு மேல் எடுக்கப் போவதில்லை என்றால் டேப்பை மூடிவிட்டு, கார்புரேட்டரில் இருப்பது தீர்ந்து தானே அணையும் வரை ஓடவிடுகிறேன். எத்தனால் ஈரத்தை இழுக்கும், டேங்கில் ஏற்கெனவே துரு பார்த்தவனுக்கு அந்தப் பயம் போகாது.

மைலேஜ் வாங்கியபோது லிட்டருக்கு 26 கிலோமீட்டர், இப்போது 35. இதில் கார்புரேட்டரின் பங்கு மிகக் குறைவு. முன் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் கூட்டியதும் உதவியது, ஐம்பத்தைந்து அறுபதில் என்ஜின் பதறாமல் ஓடுகிறது. எண்பதுக்கு மேல் போகலாம், ஆனால் டிரம் பிரேக்கை நம்பி நான் போவதில்லை. வேகம் வேண்டுமென்றால் இந்த வண்டி வேண்டாம். தினமும் ஆபீசுக்கு ஓட்ட ஒரே வண்டி இதுதான் என்றாலும் வேண்டாம். என்னிடம் ஒரு ஸ்கூட்டர் இருப்பதால்தான் இது இன்னும் என்னிடம் இருக்கிறது.

2026-ல் ஆர்.சி. மறுபடி புதுப்பிக்க வேண்டும், வண்டிக்கு நாற்பது வயது ஆகிறது. போன முறை சேஸிஸ் நம்பரைப் பென்சிலால் தாளில் தேய்த்து எடுக்க முயன்றபோது, எப்போதோ யாரோ அடித்த பெயிண்ட்டில் பாதி எண் மூடியிருந்தது. தின்னரும் பழைய பனியனுமாக அரை நாள் போனது. இந்த முறை முன்பே சுரண்டி வைத்துவிட்டேன். கிளட்ச் மட்டும் காலையில் ஒட்டிக்கொள்கிறது, முதல் கியர் போட்டால் ஒரு துள்ளு துள்ளுகிறது. பிளேட்டுகளைப் பிரிக்க வேண்டும். பிரித்தால் மறுபடியும் அந்த பிரைமரி மூடி.