கார் வாட்டர் பம்ப் ஒழுகினால் எந்தப் பெட்டியை வாங்குவது? சேலம் கடைகளில் கிடைக்கும் மூன்று வகையும் வீட்டில் மாட்டும் வேலையும்

இன்ஜினைக் குளிர வைக்கும் திரவமான கூலன்டைச் சுற்றவிடுவது காரின் வாட்டர் பம்ப். சேலத்தில் ஸ்பேர்ஸ் கடைக்குப் போய் அதைக் கேட்டால் பதிலுக்கு ஒரு கேள்விதான் வரும்: “கம்பெனியா, ஓஇஎம்மா, லோக்கலா?” ஆல்டோ கே10, வேகன்ஆர், ஸ்விஃப்ட் போன்ற மாருதியின் கே சீரிஸ் பெட்ரோல் வண்டிகளை மனதில் வைத்து இந்த மூன்றையும் எடை போடுகிறோம். இந்த இன்ஜின்களில் வால்வுகளை நேரம் தப்பாமல் இயக்கும் டைமிங் செயின் உள்ளே தனியாக ஓடுகிறது, பம்ப் வெளி பெல்ட்டில் சுற்றுகிறது. அதனால் ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவர் வீட்டு வாசலிலேயே ஒரு பகலில் மாட்டிவிடலாம். கையில் காசு இருந்தால் கம்பெனி, பார்த்து வாங்கத் தெரிந்தால் ஓஇஎம், லோக்கல் வேண்டவே வேண்டாம். ஏற்காடு ஏறி இறங்கும் வண்டி என்றால் அந்த மூன்றாவது பெட்டியைத் திறந்துகூடப் பார்க்க வேண்டியதில்லை.

கம்பெனி என்பது கார் கம்பெனியின் முத்திரையோடு வருவது. ஓஇஎம் என்று கடையில் சொல்வது, பம்ப் தயாரிப்பவரின் சொந்தப் பெயரில் வருவது. லோக்கல் பெட்டியில் பெயரே இருக்காது, அல்லது பெரிய பெயர் ஒன்றில் ஒரு எழுத்தை மாற்றி அச்சடித்திருப்பார்கள்.

வாங்கப் போவதற்கு முன் ஒழுகுவது பம்ப்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஹோஸ் கிளாம்ப், தெர்மோஸ்டாட் ஹவுசிங், ஹீட்டர் பைப் எதில் கசிந்தாலும் தண்ணீர் கடைசியில் சொட்டுவது ஒரே இடத்தில்தான். பம்ப் ஷாஃப்டுக்குக் கீழே, உடம்பில் ஒரு சிறு துளை இருக்கும். மெக்கானிக்குகள் வீப் ஹோல் என்பார்கள். உள்ளே ஒரு பக்கம் சீல், மறுபக்கம் பேரிங், நடுவில் இந்தத் துளை. சீல் போய்விட்டால் கூலன்ட் பேரிங்குக்குள் இறங்காமல் இந்த வழியாக வெளியேற வேண்டும் என்பதற்காகவே அது வைக்கப்பட்டிருக்கிறது. துளையிலிருந்து கீழ்நோக்கிப் பச்சையாகவோ சிவப்பாகவோ காய்ந்த படிவு கோடு போட்டிருந்தால் சந்தேகமில்லை, பம்ப் மாற்ற வேண்டியதுதான். அந்தத் துளையை எம்சீல் வைத்து அடைப்பது நம் ஊரில் நடக்கிற வேலை. அடைத்தால் கூலன்ட் பேரிங்கின் கிரீஸைக் கழுவிவிடும். பிறகு பேரிங் இறுகி பெல்ட்டே அறுந்துபோகும். ரேடியேட்டரில் மஞ்சள் தூள் கொட்டும் வைத்தியமும் அதே ரகம்தான். சேலத்து மஞ்சளை லீ பஜாரில் வாங்கிக் குழம்பில் போடுங்கள். ரேடியேட்டரில் போட்டால் அது ஓட்டையை விட்டுவிட்டு நல்ல குழாய்களைப் போய் அடைக்கும்.

பழைய பம்பைக் கழற்றி எடுத்துக்கொண்டு கடைக்குப் போவதுதான் முறை. வண்டி வாசலில் நிற்கும், டூவீலரில் போய் வாருங்கள். இரண்டு பம்பையும் கடை மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இன்ஜினில் ஒட்டும் முகத்திலிருந்து புல்லி உட்காரும் விளிம்பு வரை ஸ்கேல் வைத்து அளக்க வேண்டும். இதில் 1 மி.மீ. வித்தியாசம் வந்தாலும் பெல்ட் கோணலாக ஓடிக் கத்தும், ஓரம் நூல் நூலாகப் பிரியும். போல்ட் துளைகள் எல்லாமே சரியாகப் பொருந்தும், இந்த ஒரு அளவு மட்டும் தப்பியிருக்கும். அதனால்தான் கடையில் யார் கண்ணிலும் படாது.

அடுத்து இம்பெல்லர், அதாவது பம்புக்குள் சுற்றித் தண்ணீரைத் தள்ளும் இதழ்ச் சக்கரம். இதழ்களின் எண்ணிக்கை, வளைந்திருக்கும் பக்கம், விட்டம் மூன்றும் பழையதோடு ஒத்துப்போக வேண்டும். பிளாஸ்டிக் என்றாலே மட்டம் என்று சொல்ல முடியாது, நல்ல கம்பெனிகளும் போடுகின்றன. ஷாஃப்டை ஒரு கையில் பிடித்துக்கொண்டு இம்பெல்லரை மறு கையால் திருகிப் பாருங்கள். ஒரு துளி நழுவினாலும் வாங்காதீர்கள். சூட்டில் அது ஷாஃப்டில் வழுக்கினால் புல்லி சுற்றும், தண்ணீர் ஓடாது. ஒரு சொட்டுகூட வெளியே ஒழுகாமலே வண்டி கொதிக்கும், காரணம் தேடியே நாலு நாள் போய்விடும். தகட்டு இம்பெல்லரில் வெட்டிய ஓரம் பிசிறு இல்லாமல் இருக்க வேண்டும், துரு ஒரு பொட்டு கூடக் கூடாது.

பிறகு கையால் சுற்றிப் பாருங்கள். லேசான பிடிமானத்தோடு மெதுவாகச் சுற்றினால் நல்லது, அந்தப் பிடிமானம் சீலுடையது. பம்பரம் மாதிரி தடையே இல்லாமல் சுற்றினால் சீல் முகங்கள் ஒட்டவில்லை என்று அர்த்தம். மணல் அரைபடுவது போல் உணர்ந்தால் பேரிங் சரியில்லை. புல்லி பக்கம் பிடித்து மேலும் கீழும் ஆட்டினால் ஆட்டமே இருக்கக் கூடாது. லோக்கல் பெட்டிகள் பெரும்பாலும் இந்த இரண்டு சோதனையிலேயே விழுந்துவிடும். வீப் ஹோல் பெயின்டாலோ வார்ப்புப் பிசிறாலோ மூடியிருப்பதும் அந்த வகையில்தான் பார்க்கலாம். பம்புக்கும் இன்ஜினுக்கும் நடுவில் ஒழுகாமல் இருக்க வைக்கும் கேஸ்கட் பெட்டிக்குள்ளேயே வருகிறதா, மடிந்து கோடு விழுந்திருக்கிறதா என்பதையும் அங்கேயே பார்த்துவிடுங்கள்.

பெட்டி எதுவானாலும் அது எத்தனை நாள் உழைக்கும் என்பதைப் பாதி தீர்மானிப்பது தண்ணீர்தான். சீல் என்பது கார்பன் வளையம் ஒன்று, செராமிக் வளையம் ஒன்று, ஸ்பிரிங் அழுத்தத்தில் ஒன்றோடொன்று உரசுவது. நடுவில் இருக்கும் மெல்லிய கூலன்ட் படலம்தான் அதற்கு எண்ணெய். போர் உப்புத் தண்ணீரை ஊற்றினால் சுண்ணாம்பு அந்த முகங்களில் படிந்து கீறிவிடும். மேட்டூரிலிருந்து குழாயில் வரும் நல்ல தண்ணீர் குடிக்க நல்லது, ஆனால் அதிலும் தாதுக்கள் உண்டு. பேட்டரிக்கு வாங்கும் டிஸ்டில்டு வாட்டர்தான் சரி. கூலன்டில் ரெடி மிக்ஸ், கான்சென்ட்ரேட் என்று இரண்டு வகை கிடைக்கும். வீட்டில் வேலை செய்பவருக்கு ரெடி மிக்ஸே நல்லது, கலவைக் கணக்கு தப்ப வழியில்லை. கான்சென்ட்ரேட் வாங்கினால் பாதிக்குப் பாதி கலந்த பிறகே ஊற்றுங்கள். “நம்ம ஊர்ல பனியா பெய்யுது, கூலன்ட் எதுக்கு?” என்பவர்களுக்குப் பதில்: உறையாமல் காப்பது அதன் ஒரு வேலைதான். துருவைத் தடுப்பதும் கொதிநிலையை உயர்த்துவதும் சேலத்து வெயிலில் அதைவிட முக்கியம். நிறத்தை வைத்து வகையை முடிவு செய்யாதீர்கள். பச்சை எல்லாம் ஒரே பச்சை அல்ல.

வேலைக்கு வருவோம். இன்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் முகம் வெந்துவிடும். பேட்டரி நெகட்டிவ் கழற்றுங்கள். பெல்ட் இருக்கும் பக்கத்து முன் சக்கரத்தைக் கழற்றினால் கைக்கு இடம் கிடைக்கும். ஜாக்கியை நம்பாமல் ஸ்டாண்டு வைத்துவிடுங்கள். கீழ் ஹோஸைக் கழற்றி கூலன்டை அகலமான பேசினில் பிடித்து எவ்வளவு என்று அளந்து குறித்துக்கொள்ளுங்கள், திரும்ப ஊற்றும்போது இந்தக் கணக்கு வேண்டும்.

பெல்ட்டைக் கழற்றுவதற்கு முன் பம்ப் புல்லி போல்ட்களை லேசாகத் தளர்த்திவிட வேண்டும். பெல்ட் புல்லியைப் பிடித்துக்கொண்டிருக்கும்போதுதான் அவை அசையும். பெல்ட்டைக் கழற்றிய பிறகு தளர்த்தப் பார்த்தால் புல்லியும் சேர்ந்து சுற்றும். பெல்ட் ஓடும் வழியை முதலில் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பம்ப் போல்ட்கள் எல்லாம் ஒரே நீளமாக இருக்காது. ஒரு அட்டையில் பம்பின் வடிவத்தை வரைந்து, கழற்றும் ஒவ்வொரு போல்ட்டையும் அதன் இடத்திலேயே குத்தி வையுங்கள். நீளப் போல்ட்டைக் குட்டைத் துளையில் திருகினால் அலுமினிய பிளாக் விரிசல் விடும், அதோடு பம்ப் வேலை இன்ஜின் வேலையாகிவிடும். வர மறுக்கும் போல்ட்டில் பலம் காட்டாதீர்கள். துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஊறவிட்டு, கொஞ்சம் இறுக்கி, கொஞ்சம் தளர்த்தி, அப்படியே கொண்டுவர வேண்டும்.

பம்ப் கழன்று வந்ததும் இன்ஜினில் திறந்திருக்கும் வாய்க்குள் சுத்தமான துணியைத் திணித்துவிட்டுப் பழைய கேஸ்கட்டைச் சுரண்டுங்கள். பிளாஸ்டிக் சுரண்டி, இல்லாவிட்டால் படுக்கையாகப் பிடித்த பிளேடு. எமரி பேப்பர் போட்டுத் தேய்த்தால் முகம் பள்ளமாகும், பொடி உள்ளே போய்ப் புது சீலைத் தின்னும். புதிய பம்ப் மாட்டிய பிறகு வரும் ஒழுகலில் பெரும்பங்கு இந்த முகத்தைச் சரியாகச் சுத்தம் செய்யாததால்தான்.

கேஸ்கட் ஓ ரிங் வகை என்றால் சிலிகான் பசை தொடவே கூடாது, கூலன்டில் நனைத்து உட்கார வைத்தால் போதும். அட்டையோ தகடோ என்றால் மேனுவல் கேட்டால் மட்டும் சிலிகான். கேட்டாலும் 2 மி.மீ. கோடு போதும். அதிகமாகப் போட்டால் வெளியே பிதுங்குவது கண்ணுக்குத் தெரியும், அதே அளவு உள்ளேயும் பிதுங்கி ரேடியேட்டருக்குப் போவது தெரியாது. போல்ட்களைக் கையால் திருகி உட்காரவைத்து, எதிரெதிராக மூன்று சுற்றில் இறுக்குங்கள். மேனுவலில் உங்கள் வண்டிக்கு உள்ள அளவே இறுதி. பொதுவாக 10 ஸ்பேனர் போல்ட்டுக்கு 10 நியூட்டன் மீட்டர், 12 ஸ்பேனர் போல்ட்டுக்கு 22 முதல் 25 வரை. சிலிகான் போட்டிருந்தால் டியூபில் எழுதியிருக்கும் நேரம் காயவிடுங்கள், பலவற்றுக்கு முழுதும் இறுக 24 மணி நேரம் ஆகும்.

பெல்ட்டில் வெடிப்பு இருந்தால் இப்போதே மாற்றிவிடுங்கள். கையால் இறுக்கம் வைக்கும் வண்டியில் அதிகம் இறுக்கிவிடாதீர்கள், புதுப் பேரிங் சீக்கிரம் போவதற்கு அதுவே பெரிய காரணம். சத்தம் எப்படி இருக்கிறதென்று பார்க்கத் தண்ணீர் ஊற்றாமல் ஒரு ஸ்டார்ட் அடிக்கும் பழக்கமும் உண்டு. படலம் இல்லாத சீல் அந்த ஸ்டார்ட்டிலேயே கருகிவிடும்.

கூலன்ட் ஊற்றும்போது வண்டியின் மூக்கு கொஞ்சம் மேட்டில் இருக்கட்டும். ஹீட்டர் முழுச் சூட்டில், மூடி திறந்தபடி ஐடிலில் ஓடவிட்டு, மேல் ஹோஸை அழுத்தி அழுத்திக் காற்றை விரட்டுங்கள். மட்டம் இறங்க இறங்க ஊற்றுங்கள். குமிழி நின்றதும் மூடியைப் போட்டு, ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும்வரை விடுங்கள். ஆறிய பிறகு வடித்த அளவும் ஊற்றிய அளவும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். அரை லிட்டர் குறைந்தால் உள்ளே காற்று இருக்கிறது. முதல் ஓட்டத்தில் வீப் ஹோலில் ஒரு ஈரக்கறை தெரிந்தால் சீல் உட்காருகிறது என்று விட்டுவிடலாம். சொட்டு விழுந்துகொண்டே இருந்தால் பம்ப் மோசம்.

ஏற்காடு அடிவாரம் வரை ஓட்டிப் பார்த்துச் சரி என்று முடிவுகட்டாதீர்கள். மேலே போகும் 20 கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி இரண்டாம் கியரில், இன்ஜின் முழுப் பாரத்தில், ரேடியேட்டருக்கு எதிர்காற்று இல்லாமல் ஏறுகிறது. ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம். அங்கே திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 95 டிகிரிக்கே கொதித்துவிடும். 0.9 என்று முத்திரை உள்ள ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைச் சரியாகப் பிடித்தால் வெறும் தண்ணீர்கூட அங்கே 115 டிகிரி வரை தாங்கும். மூடியின் ரப்பர் கெட்டிருந்தால் புதுப் பம்பும் கொதித்த வண்டியும்தான் மிச்சம். பம்போடு சேர்த்து மூடியையும் மாற்றிவிடுங்கள், செலவு பெரிதில்லை.

எல்லா வண்டிக்கும் இது வாசல் வேலை அல்ல. ரெனோ டஸ்டர், மஹிந்திரா வெரிட்டோவின் 1.5 டீசலில் பம்ப் டைமிங் பெல்ட்டிலேயே சுற்றுகிறது. அங்கே ஒரு பல் தப்பினால் வால்வும் பிஸ்டனும் மோதும். பெல்ட், டென்ஷனர், பம்ப் மூன்றும் ஒரே கிட்டாக வாங்கி, லாக்கிங் டூல் வைத்திருக்கும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.

பில் இல்லாமல் பம்ப் வாங்காதீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் கார் உதிரி பாகங்களுக்கு ஜிஎஸ்டி 18%. பழைய 28% கணக்கில் பில் போட்டால் கேளுங்கள். மாட்டிய பம்பைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்பது கடைகளின் வழக்கமான பதில், அதனால்தான் சோதனையெல்லாம் மேசையிலேயே முடிய வேண்டும். சிலிகான் பூசிய தடம் இருந்தால் வாரன்டி கேட்டும் பயனில்லை. வடித்த கூலன்டைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள், பேசினைத் திறந்தும் வைக்காதீர்கள். இனிப்புச் சுவைக்குத் தெருநாய் நக்கினால் சிறுநீரகம் போய் செத்துவிடும். மூடிய கேனில் ஊற்றி, பழைய ஆயில் எடுத்துக்கொள்ளும் பட்டறையில் கேட்டுக் கொடுங்கள்.