கார்பன் போட்ட எல்ஜிஏடி சென்சார்: வாங்கலாமா?

டைமிங் சென்சார், அதாவது துகள் வந்த நேரத்தை அளக்கற சென்சார், ஆர்டர் போடப் போறவங்க இதைப் படிச்சிட்டு போடுங்க. நாங்க டெஸ்ட் பண்ணது 50 மைக்ரான் தடிமன் எல்ஜிஏடி (சிக்னலை உள்ளயே பெருக்கிக் குடுக்கற சிலிக்கான் சென்சார்), பேடு, அதாவது ஒரு கட்டம், 1.3 மில்லிமீட்டர் சதுரம், செர்ன் துகள் ஆய்வுக்கூடத்துல அட்லஸ் பரிசோதனைக்கு வரப்போற எச்ஜிடிடிங்கற நேரம் அளக்கற டிடெக்டர்ல போடுற அதே சைஸ். ஒரு கம்பெனிகிட்ட வெறும் போரான் வகை, இன்னொரு கம்பெனிகிட்ட கார்பன் சேத்தது, ரெண்டும் வாங்கினோம்.

புதுசுல ஒரு வித்தியாசமும் தெரியல. ஸ்ட்ரான்ஷியம்-90 கதிர்வீச்சு சோர்ஸ் வச்சுப் பாத்தா ரெண்டோட நேரத் துல்லியமும் 30 பிகோசெகண்ட் பக்கம், அந்த நேரத்துல வெளிச்சமே 9 மில்லிமீட்டர்தான் போகும், எத்தனை தடவை பாத்தாலும் எனக்கு ஆச்சரியம்தான்.

அப்புறம் கதிர்வீச்சை எப்படித் தாங்குதுன்னு பாக்க ஸ்லோவேனியாவுல லுப்லியானா ரியாக்டருக்கு அனுப்பி சதுர சென்டிமீட்டருக்கு 2.5×10¹⁵ நியூட்ரான் அடிச்சு வாங்கினோம். 60 டிகிரில 80 நிமிஷம் சூட்டுல வச்சு அனீல் பண்ணி, மைனஸ் 30ல வச்சு அளந்தப்பதான் ரெண்டும் தனித்தனியா பிரிஞ்சுது. நியூட்ரான் அடில இடம் பெயர்ந்த சிலிக்கான் அணு கெயின் லேயர்ல, அதாவது சிக்னலைப் பெருக்குற மெல்லிய அடுக்குல, இருக்கற போரானை செயலிழக்க வைக்குது, கெயின் போயிடுது, போனதை ஈடுகட்ட வோல்டேஜ ஏத்திக்கிட்டே போகணும். கார்பன் இருந்தா அந்த அணுக்களை அது பிடிச்சுக்கும், போரான் நிறைய தப்பிச்சுடும். எங்க போரான் வகைக்கு 4 ஃபெம்டோகூலம் சார்ஜ் சிக்னல் வரவே 700 வோல்ட் தேவைப்பட்டுச்சு, கார்பன் வகை 550க்கு கீழயே குடுத்துடுச்சு.

150 வோல்ட் கூடினா என்னன்னு தோணும், நானும் அப்படித்தான் நெனச்சேன், லேப்ல சோர்ஸ் வச்சு 700ல பல நாள் ஓட்டியும் ஒண்ணும் ஆகல. துகள் பீம்ல வச்சதும் அதே சென்சார் செத்துப்போச்சு, மைக்ராஸ்கோப்ல பாத்தா பேடுல குட்டியா ஒரு எரிஞ்ச பள்ளம். ஒரே ஒரு துகள் ஒரே இடத்துல நிறைய சார்ஜ் கொட்டினா போதும், மின்புலம் அங்கயே சரிஞ்சு மொத்த கரண்டும் அந்தப் புள்ளி வழியா பாஞ்சுடும். மைக்ரானுக்கு 11 வோல்ட், அதாவது 50 மைக்ரானுக்கு 550, அதைத் தாண்டவே கூடாது. பல மாச உழைப்பு ஒரு நொடில போனது இன்னும் மனசுல இருக்கு.

குறைன்னா, எங்க கார்பன் சாம்பிள்ல லீக்கேஜ் கரண்ட் கொஞ்சம் ஜாஸ்தி, கூலிங் நல்லா இருந்தா சமாளிக்கலாம், பாக்ஸுக்குள்ள உலர்ந்த காத்து விட மறக்காதீங்க, இல்லன்னா பனி பிடிச்சுடும்.

கார்பன் வகையே வாங்குங்க. விக்கிறவங்ககிட்ட சோர்ஸ் டெஸ்ட் ரிப்போர்ட் மட்டும் வாங்கிட்டு திருப்தியாகாம, கதிர்வீச்சு பட்ட சென்சார பீம்ல எத்தனை வோல்ட் வரைக்கும் ஓட்டிப் பாத்தாங்கன்னு கேளுங்க.