சுண்டலுக்கும் பட்டாணிக்கும் வாங்கிய போலார் ஃபிளீஸ்

ஒரு கிலோ போலார் ஃபிளீஸ், அதாவது கம்பளிபோல மெத்தென்று இருக்கும் பாலியெஸ்டர் துணி, 320 ரூபாய். திருப்பூர் காதர்பேட்டைப் பக்கம் ஒரு கட்பீஸ் கடையில் போன வருடம் ஆவணியில் வாங்கினேன். எங்கள் வீட்டுக் கினிப்பன்றிகள் இரண்டும், சுண்டலும் பட்டாணியும், பதின்மூன்று மாதமாக இதன் மேல்தான் ஓடுகின்றன, தின்கின்றன, தூங்குகின்றன. இதற்கு முன்னால் மரச்சுருள், காகித விரிப்பு, குழந்தைகளுக்குப் போடும் டிரை ஷீட் என்று மூன்றையும் போட்டுப் பார்த்துவிட்டேன். புதிதாகக் கினிப்பன்றி வாங்கியவர்கள் எங்கள் அளவுக்கு அலைய வேண்டாமே என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் ஏற்றுமதி கம்பெனி ஒன்றில் பதினொரு வருடமாகத் துணி தரம் பார்க்கிற வேலையில் இருக்கிறேன். கினிப்பன்றி வளர்ப்பில் எனக்கு ஒன்றரை வருட அனுபவம்தான். ஆனால் ஈரம் ஒரு துணிக்குள் எப்படிப் போகும், எங்கே தங்கும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். கூண்டு விரிப்பில் முக்கால்வாசி விஷயம் அதுதான்.

முதலில் மரச்சுருள் கதையைச் சொல்லிவிடுகிறேன். இவை இரண்டும் வீட்டுக்கு வந்த புதிதில், பக்கத்துத் தெருத் தச்சுப் பட்டறையில் ஒரு சாக்கு நிறைய அள்ளி வந்தோம். பட்டறைக்கார அண்ணன் காசே வாங்கவில்லை. பார்க்க அழகாக இருந்தது, வாசமாகவும் இருந்தது. பத்தாம் நாள் சுண்டல் தும்ம ஆரம்பித்தது. ஒன்றிரண்டு தும்மல் என்றால் விட்டிருப்பேன். மூக்கு ஓரம் ஈரமாகி, கீரைக்கட்டை நீட்டினால்கூட எழுந்து வராமல் மூலையில் உட்கார்ந்துவிட்டது. எங்கள் பெண் அன்று பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று ஒரே அழுகை. லீவு போட்டுவிட்டு, இரண்டையும் கூடையில் வைத்துக் கோயம்புத்தூருக்குக் கொண்டு போனோம். டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வியே, "அடியில என்னங்க போடறீங்க?" என்பதுதான்.

கினிப்பன்றி மூக்கால் மட்டுமே மூச்சு விடும். நமக்கு மூக்கு அடைத்தால் வாயைத் திறந்துகொள்வோம், அதற்கு அந்த வழி கிடையாது. மூக்கோ தரையிலிருந்து ஓர் அங்குல உயரத்தில்தான் எப்போதும் இருக்கிறது. நாம் நின்றுகொண்டு பார்க்கும்போது தெரியாத தூசி முழுவதையும் அது இழுக்கிறது. பட்டறைச் சாக்கில் சுருள் மட்டுமா இருந்தது? இழைத்த சுருள், ரம்பத் தூள், பிளைவுட் அறுத்த தூள் எல்லாம் கலந்து கிடந்தது. பிளைவுட்டை ஒட்டுவது ஃபார்மால்டிஹைடு சேர்ந்த பசையால். அப்புறம் அந்த வாசம். பைன், தேவதாரு போன்ற மரங்களின் வாசத்துக்குக் காரணமான பொருட்களே விலங்குக்கு ஒத்துக்கொள்ளாதவை. இவ்வகை மரச்சீவலில் வைத்த எலிகளின் ஈரலில் நொதிகள் மாறுவதை 1967லேயே ஆய்வில் கண்டிருக்கிறார்கள். சூளையில் காயவைத்து, தூசி சலித்து வருகிற பைன் சீவல் பரவாயில்லை என்கிறார்கள். நம் ஊர்ப் பட்டறையில் கிடைப்பது அது இல்லை. சுண்டலுக்கு மருந்து கொடுத்துக் குணமாக இரண்டு வாரம் ஆனது. அதற்குப் பிறகு மரத்தூள் எங்கள் வீட்டு வாசலைத் தாண்டவில்லை.

"கோழிப் பண்ணைக்காரங்க தேங்காய் நார்க்கழிவும் உமியும் போடறாங்களே, அதையே போட்டா என்ன?" என்று என் மாமனார் கேட்டார். நியாயமான கேள்விதான், இந்தப் பக்கம் மலிவாகக் கிடைப்பதும் அவைதான். ஆனால் நார்க்கழிவு காய்ந்தால் மாவுபோலப் பறக்கும், நனைந்தால் நாள்கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். உமியின் முனை குத்தும். கினிப்பன்றியின் உள்ளங்காலில் முடி கிடையாது, வெறும் தோல்தான். அதைத் தொட்டுப் பார்த்த எவரும் உமியில் நடக்கவிட மாட்டார்கள்.

காகித விரிப்பு நல்ல பொருள், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. கூழாக்கிய காகிதத்தை உதிர்த்து, சாம்பல் நிறத்தில் பஞ்சுபோல அடைத்து விற்கிறார்கள். மெத்து மெத்தென்று இருக்கிறது, தூசி குறைவு, நாற்றத்தையும் நன்றாக அடக்குகிறது. பட்டாணி அதற்குள் தலையை விட்டுச் சுரங்கம் தோண்டியதைப் பார்க்க எங்கள் வீடே கூடியது. ஆனால் 650 ரூபாய்ப் பை எங்கள் நாலடிக்கு இரண்டடிக் கூண்டில் ஒன்பது நாள்தான் வந்தது. மாதம் இரண்டாயிரத்துக்கு மேல் ஆனது. இரண்டு மாதம் தாக்குப்பிடித்தோம். அறுவை சிகிச்சை முடிந்தோ, நோயிலோ இருக்கும் கினிப்பன்றிக்கு யோசிக்காமல் இதை வாங்குங்கள். ஆண்டு முழுவதும் என்றால் நம்மைப் போன்ற குடும்பத்துக்குக் கட்டாது.

டிரை ஷீட்டை என் தங்கை கொடுத்தாள். அவள் குழந்தை வளர்ந்துவிட்டதால் சும்மா கிடந்தது. மேலே ஃபிளீஸ், அடியில் ஈரம் கசியாத மெல்லிய பிளாஸ்டிக் படலம், இரண்டும் ஒட்டியிருக்கும். மெத்தையைக் காப்பாற்றத்தான் அதைச் செய்திருக்கிறார்கள். குழந்தை நனைத்தால் உடனே தூக்கி மாற்றிவிடுவோம். கினிப்பன்றி நனைத்தால் அதே இடத்தில்தான் உட்கார்ந்திருக்கும். சிறுநீர் கீழே இறங்க வழியில்லாமல் மேல் துணியிலேயே நின்றது. மாலையில் தூக்கிப் பார்த்தால் இரண்டின் வயிற்று முடியும் ஈரம். எப்போதும் ஈரத்தில் நின்றால் உள்ளங்கால் சிவந்து புண்ணாகும், அது ஆறுவது பெரும்பாடு. இன்னொன்று, அந்தப் படலத்தின் ஓரத்தைப் பட்டாணி கடித்துத் தின்ன ஆரம்பித்தது. அன்றைக்கே எடுத்துவிட்டேன்.

அப்போதுதான் எனக்குள் இருந்த துணிக்காரி விழித்துக்கொண்டாள். மேல் துணி ஈரத்தைக் கீழே தள்ளிவிட வேண்டும், கீழ்த் துணி அதைக் குடித்துக்கொள்ள வேண்டும். இரண்டும் தனித்தனியாக இருக்க வேண்டும். பருத்தி சாதாரணக் காற்றிலிருந்தே தன் எடையில் சுமார் எட்டரை சதவீதம் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், பாலியெஸ்டர் 0.4 சதவீதம்தான். அதாவது பாலியெஸ்டர் இழைக்குள் தண்ணீர் அநேகமாகப் போகவே போகாது, இழைகளுக்கு நடுவே வழுக்கிக் கீழே இறங்கிவிடும். அதனால்தான் போலார் ஃபிளீஸ்.

இதைக் கடையில் கேட்கும்போது கவனமாகக் கேளுங்கள். திருப்பூரில் வெறுமனே ஃபிளீஸ் என்றால் காட்டன் ஃபிளீஸைத்தான் எடுத்துப் போடுவார்கள். ஸ்வெட்ஷர்ட் தைக்கிற துணி அது, ஒரு பக்கம் மட்டும் பிரஷ் செய்திருக்கும். அதை விரித்தால் நனைந்த பனியன்மேல் படுத்த கதைதான். நான் போன கடையில் அந்தத் தம்பி, "எந்த ஃபிளீஸ்ங்க அக்கா? காட்டனா, போலாரா?" என்று அவராகவே கேட்டார். அதிலேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. போலார் என்றதும் உள்ளேயிருந்து லூதியானா சரக்கு ஒரு கட்டு எடுத்து வந்தார். சந்தேகம் இருந்தால் ஓரத்தில் ஒரு நூலை உருவி நெருப்பில் காட்டுங்கள். பாலியெஸ்டர் உருகிச் சுருண்டு, ஆறியதும் கெட்டியான மணியாக நிற்கும். பருத்தி, காகிதம் எரிகிற வாசத்தோடு சாம்பலாகும். கலப்புத் துணி என்றால் இரண்டும் சேர்ந்து வரும், அதை விட்டுவிடுங்கள்.

நான் எடுத்தது 220 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 220 கிராம்), 60 இஞ்ச் அகலம். கிலோவுக்கு மூன்று மீட்டர் வந்தது. அதை நான்காக வெட்டினேன், ஓரம் மடக்கிச் செருகவும் இடம் விட்டு நான்கு விரிப்பு கிடைத்தது. வெட்டிய விளிம்பு பிரியாது, அதனால் ஓவர்லாக் (ஓரம் பிரியாமல் நூல் சுற்றி அடிக்கும் தையல்) அடிக்காதீர்கள். அந்த நூல் வளையத்தில் நகம் மாட்டிக்கொள்ளும்.

வாங்கிய அன்றே விரித்துவிட்டு "தண்ணி இறங்கவே இல்லை" என்று பலரும் இதைக் குறை சொல்கிறார்கள். புதுத் துணியில் மில்லில் போட்ட மெருகு இருக்கும், அது தண்ணீரை ஒட்டவிடாது. எங்கள் கம்பெனியில் செய்கிற சொட்டு டெஸ்டையே வீட்டிலும் செய்தேன். துணியை விறைப்பாகப் பிடித்து, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, அது மறையும்வரை விநாடியை எண்ண வேண்டும். துவைக்காத துணியில் ஒரு நிமிடம் கழித்தும் சொட்டு முத்துப்போல உருண்டு நின்றது. வெந்நீரில் நான்கு முறை அலசிய பிறகு மூன்று விநாடியில் காணாமல் போனது. அதற்குப் பிறகுதான் கூண்டில் விரித்தேன். துவைக்கும்போது கண்டிஷனர் மட்டும் ஒருபோதும் ஊற்றாதீர்கள், பட்ட பாடெல்லாம் வீணாகி, சொட்டு மறுபடி மேலேயே நிற்கும்.

எங்கள் கூண்டின் அடியில் சன்பேக் ஷீட்டை (விளம்பரப் பலகை செய்கிற பிளாஸ்டிக் அட்டை) மடித்துச் செய்த தட்டு. அதன்மேல் பழைய டர்க்கி டவல் இரண்டு மடிப்பு, அதன்மேல் போலார். சுண்டல் எழுந்து போன இடத்தில் உடனே கையை வைத்துப் பார்ப்பேன். மேலே லேசான வெதுவெதுப்பு மட்டும் இருக்கும், சில நிமிடத்தில் அதுவும் போய்விடும். டவலைத் தொட்டால் முழு ஈரமும் அங்கே இருக்கும். வயிற்று முடி இப்போதெல்லாம் உலர்ந்தே இருக்கிறது, பாதமும் வெளிர் ரோஜா நிறத்தில் சுத்தமாக இருக்கிறது. வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை நகம் வெட்டும்போது எங்கள் பெண் டார்ச் அடித்துப் பார்த்துச் சொல்வாள்.

இதில் வேலை அதிகம், அதை மறைக்கப் போவதில்லை. புழுக்கையைக் காலையும் மாலையும் பெருக்கியே ஆக வேண்டும், மரச்சுருளில் அது கீழே போய் மறைந்துகொள்ளும், இங்கே எல்லாம் கண்ணுக்கு முன்னாலேயே கிடக்கும். மூன்று நாளைக்கு ஒருமுறை விரிப்பும் டவலும் மாற்ற வேண்டும். உலர்புல்லும் முடியும் துணியில் ஒட்டிக்கொண்டு உதறினாலும் போகாது. மாடியில் கெட்டித் தூரிகையால் ஒரே திசையில் தேய்த்து எடுத்த பிறகுதான் தண்ணீரில் போடுகிறேன். முதல் மாதம் அப்படிச் செய்யாமல் மெஷினில் போட்டு, வடிகட்டி முழுக்கப் புல் அடைத்து, தண்ணீர் வெளியேறாமல் நின்றுவிட்டது. "நம்ம துணி போடற மெஷின்லயா கண்ணு இதையும் போடறே?" என்று அத்தை வேறு முகம் சுளித்தார். அவர் சொன்னதும் சரிதான். அன்றிலிருந்து தனி வாளி, துவைக்கிற கல். கடைசி அலசலில் அரை டம்ளர் வெள்ளை வினிகர் சேர்த்தால் சிறுநீர் நெடி போய்விடும். தட்டில் சுண்ணாம்புபோலப் படியும் வெள்ளைக் கறைக்கும் அதே வினிகர்தான். கினிப்பன்றிச் சிறுநீரில் கால்சியம் வெளியேறுவதால் வருகிற கறை அது.

புல் வைக்கிற மூலைக்கு ஃபிளீஸ் சரிப்படாது. தின்றுகொண்டே அங்கேதான் அதிகம் சிறுநீர் போகின்றன. அங்கே ஒரு பிளாஸ்டிக் தட்டு வைத்து, கொஞ்சம் காகித விரிப்பு கொட்டி, அதற்கு மேலே புல் கூடையைத் தொங்கவிட்டிருக்கிறேன். தினமும் அந்தத் தட்டை மட்டும் கொட்டிக் கழுவுவதால் ஃபிளீஸ் நனைவது பாதியாகக் குறைந்தது. ஒரு பை காகித விரிப்பு இப்போது இரண்டு மாதத்துக்கு மேல் வருகிறது.

வெயில் காலத்தில் ஃபிளீஸ் சூடாக இருக்காதா என்று கேட்கிறார்கள். கினிப்பன்றி அதன்மேல்தான் படுக்கிறது, உள்ளே புதைவதில்லை, அதனால் ஆழமான மரச்சுருளைவிட இது தேவலை. ஆனாலும் சித்திரை வெயிலில் விரிப்பு மட்டும் காப்பாற்றாது. 28 டிகிரியைத் தாண்டினாலே அவை தவித்துப் போகும். வீட்டின் குளிர்ந்த அறைக்குக் கூண்டை மாற்றி, மின்விசிறி போட்டு, ஃபிளீஸுக்கு மேல் இரண்டு தரை டைல்ஸ் துண்டு வைத்தோம். மதியம் முழுக்க இரண்டும் அதன்மேல் நீட்டிப் படுத்துக் கிடந்தன.

மழைக்காலத்தில்தான் சிரமம். போலார் மின்விசிறிக் காற்றில் நான்கு மணி நேரத்தில் உலர்ந்துவிடும். டர்க்கி டவல் ஒன்றரை நாள் ஆனாலும் உலராமல் ஊசல் வாடை அடிக்கும். போன ஐப்பசியில் இரண்டாவது வாரமே டவல் கையிருப்பு தீர்ந்தது. வீட்டுக்காரரின் பழைய நான்கு முழ வேட்டியை எடுத்து நாலாக மடித்து, அடியில் செய்தித்தாள் அடுக்கிப் போட்டேன். டவல் அளவுக்குக் குடிக்காது, தினமும் மாற்ற வேண்டும். ஆனால் இராத்திரி காயப்போட்டால் காலையில் உலர்ந்திருக்கும். செய்தித்தாளை நேரடியாக மேலே மட்டும் விரிக்காதீர்கள், வழுக்கும், நனைந்ததும் கூழாகும்.

இந்த ஐப்பசிக்கு முன்னால் இன்னொரு கிலோ வாங்கப் போகிறேன், அதே கடையில்தான். சென்ற முறை கறை தெரியாது என்று கருநீலம் எடுத்தேன். அது தவறு. கினிப்பன்றிக்குச் சிறுநீர்ப்பையில் கல் வருவது சகஜம், சிறுநீரில் இரத்தம் கலந்து வருவது அதன் முதல் அடையாளங்களில் ஒன்று. கருநீலத்தில் அது கண்ணுக்கே தெரியாது. கடைத் தம்பிக்குப் போன் போட்டு, வெளிர் மஞ்சளோ இளம் பச்சையோ வந்தால் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.