டைனா காம்ப், சிஎஸ்-3, யெல்லோ காம்ப்: லைட் மியூசிக் கிட்டாருக்கு எது?

பெங்களூரு அல்சூரில் எங்கள் குழு ஒத்திகை பார்க்கும் அறையில் போன மாதம் ஒரு ஞாயிறு மதியம் முழுவதும் மூன்று கம்ப்ரஸர் பெடல்களை, அதாவது ஓங்கிய ஒலியைத் தணித்து மெல்லிய ஒலியோடு சமப்படுத்தும் பெட்டிகளை, மாற்றி மாற்றி வாசித்தோம். ஒரே கிட்டார், ஒரே ஆம்ப், ஒரே கேபிள். குழுவில் புதிதாகச் சேர்ந்த மர்ஃபி டவுன் தம்பி ஒருவன், "அண்ணா, எது நல்லதுன்னு சொல்லுங்க, அதையே வாங்கிடறேன்" என்று கேட்டிருந்தான். வாயால் சொல்வதைவிட அவன் விரலாலேயே தெரிந்துகொள்ளட்டும் என்று நினைத்தேன்.

அவனிடம் இருப்பது ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகை கிட்டார், சிங்கிள் காயில் பிக்கப். வாசிப்பது பெரும்பாலும் சுத்தமான டோன்தான்: பாடகருக்குப் பின்னால் ஓடும் ஆர்பெஜியோ (கார்டின் ஸ்வரங்களை ஒவ்வொன்றாகத் தட்டுவது), இடையிசையில் இரண்டு வரி, ஞாயிறு காலை சர்ச் கொயரில் ஸ்ட்ரம்மிங். கீழே சொல்வதெல்லாம் இந்த மாதிரி வாசிப்புக்குத்தான். ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷனைத் திறந்துவிட்டு வாசிப்பவருக்கு இந்தக் கவலை கிடையாது. டிஸ்டார்ஷனே சிக்னலை நன்றாக அமுக்கிவிடும்.

கம்ப்ரஸரின் கணக்கு எளிது. விகிதம் 4:1 என்று வைத்துக்கொள்ளுங்கள். பெடல் அமுக்கத் தொடங்கும் எல்லையை 8 டெசிபல் தாண்டி வரும் ஒலி, 2 டெசிபல் மட்டும் தாண்டி வெளியே போகும். குறைந்த அந்த 6 டெசிபலை லெவல் குமிழைத் திருகித் திரும்பக் கொடுக்கிறோம். அப்போது மெல்லத் தொட்ட ஸ்வரமும் 6 டெசிபல் மேலே வரும், கூடவே பிக்கப்பின் ரீங்காரமும் வரும். எல்லாக் கம்ப்ரஸரும் செய்வது இதைத்தான். எவ்வளவு வேகமாகப் பிடிக்கிறது, பிடித்ததை எப்படி விடுகிறது என்பதில்தான் வித்தியாசம். கடையில் நின்று வாசித்துப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் பிடிப்பதை மட்டும் கேட்டுவிட்டு வாங்கிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், ஆர்பெஜியோ வாசிப்பவர் விடுவதைத்தான் உற்றுக் கேட்க வேண்டும்.

முதலில் எம்எக்ஸ்ஆர் டைனா காம்ப். 1970களில் வந்த சிவப்புப் பெட்டி, இன்றும் விற்பனையில் இருக்கிறது. அவுட்புட் (வெளியே போகும் ஒலியளவு), சென்சிடிவிட்டி (எவ்வளவு அமுக்குவது) என்று இரண்டே குமிழ். ஓடிஏ என்ற பெருக்கி சிப்பால் ஒலியளவை மாற்றும் வகை. அந்தக் காலத்துப் பெட்டிகளுக்குள் சிஏ3080 என்ற சிப் இருக்கும். பிறகு வந்த ராஸ் கம்ப்ரஸர், அதன் வழியில் கீலி என்று பெரிய குடும்பமே இதிலிருந்து கிளைத்தது. இதன் குணம் முதல் அடியிலேயே தெரியும். பிக் கம்பியைத் தொடும் 'டக்' சத்தம் நழுவி வெளியே வந்துவிடும், உடனே பிடி இறுகும். ஃபங்க் ரிதத்துக்கும், தனி ஸ்வரங்களைக் கொத்திக் கொத்தி வாசிப்பதற்கும் இந்த 'டக்' சத்தம் அருமையாக இருக்கும். சென்சிடிவிட்டியை ஏற்ற ஏற்ற மேல்கம்பிகளின் பளபளப்பு கொஞ்சம் மங்கும்.

தம்பியை இ மைனரில் ஓர் ஆர்பெஜியோ வாசிக்கச் சொன்னேன். ஆறாம் கம்பியைக் கட்டைவிரலால் தட்டி, பிறகு மூன்று, இரண்டு, ஒன்று. டைனா காம்ப்பில் கட்டைவிரல் அடி பிடியை இறுக்கியது. அது தளர்வதற்குள் மூன்றாம் கம்பி வந்துவிட்டது, தலையைக் குனிந்துகொண்டு. இரண்டாவதும் அப்படியே. இந்த மின்சுற்றில் ரிலீஸ், அதாவது பிடியை விடுவது, நிதானமானது, அதை மாற்றக் குமிழும் கிடையாது. கட்டைவிரலை லேசாக்கி வாசித்தால் சரியாகிவிடும்தான். ஆனால் இரண்டரை மணி நேரக் கச்சேரியில் கையைப் பெடலுக்காக மாற்றிக்கொண்டே இருக்க முடியாது.

அடுத்தது பாஸ் சிஎஸ்-3. 1986 முதல் வரும் நீலப் பெட்டி. லெவல், டோன், அட்டாக், சஸ்டெயின் (எவ்வளவு அமுக்குவது) என்று நான்கு குமிழ். உள்ளே விசிஏ, அதாவது மின்னழுத்தத்தால் ஒலியளவை மாற்றும் பெருக்கி. அட்டாக்கை ஏற்றினால் பிக் அடியின் கூர்மை முன்னால் வரும், இறக்கினால் ஸ்வரம் வழவழப்பாகத் தொடங்கும். மங்கும் பளபளப்பை டோன் குமிழால் மீட்கலாம். மூன்றில் அதிகக் கட்டுப்பாடு தருவது இதுதான். ஸ்லைடு வாசிப்பவருக்கும், நீண்டு நிற்கும் லீடு ஸ்வரத்துக்கும் நான் இதைத்தான் சொல்வேன். ஆனால் சஸ்டெயின், டோன் இரண்டையும் ஒன்றாக ஏற்றினால் மேல்ஸ்தாயி இரைச்சலும் சேர்ந்து ஏறும், அது மேலே சொன்ன கணக்கின் விளைவுதான். குமிழின் கோட்டைக் கடிகார முள்ளாக நினைத்து, இரண்டையும் பன்னிரண்டு மணிக்குள் வைத்துக்கொள்வது நல்லது.

இரைச்சலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் அதில் அடிபட்டவன். சில வருடங்களுக்கு முன் ஒரு கல்யாண வரவேற்பு. மேடை முழுக்க சீரியல் லைட், எர்த் சரியில்லாத மின் இணைப்பு, எல்லாப் பெடலுக்கும் சேர்த்து ஒரே மலிவான அடாப்டர். கம்ப்ரஸரை முக்கால்வாசி ஏற்றி வைத்திருந்தேன். வாசிக்கும்போது ஒன்றும் தெரியவில்லை. பல்லவி முடிந்து பாடகி மூச்சு விட்ட இடைவெளியில், பிடி தளர்ந்து, 'ம்ம்ம்' என்று ரீங்காரம் அலைபோல் எழும்பி வந்தது. அடுத்த இடைவெளியிலும் அதேதான். பாடகி திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. அன்றிலிருந்து ஒவ்வொரு பெடலுக்கும் தனித்தனியாகப் பிரித்த மின்சாரம் தரும் பவர் சப்ளை வைத்திருக்கிறேன். எதிரொலி தரும் டிஜிட்டல் டிலே பெடலும் கம்ப்ரஸரும் ஒரே சங்கிலியில் மின்சாரம் எடுப்பதை முடிந்தவரை தவிருங்கள். மூன்றில் எதை வாங்கினாலும் இது பொருந்தும்.

மூன்றாவது மூவர் யெல்லோ காம்ப். விரல் நீளப் பெட்டி, மற்ற இரண்டையும்விட விலை குறைவு. இது ஆப்டிகல் வகை. உள்ளே ஒரு சிறு விளக்கும், வெளிச்சத்துக்கு ஏற்ப மின்தடை மாறும் ஒரு பாகமும் எதிரெதிரே இருக்கும். ஓங்கி அடித்தால் விளக்கு பிரகாசமாகும், தடை மாறும், ஒலி தணியும். ஸ்டூடியோக்களில் குரலுக்குப் புகழ்பெற்ற எல்ஏ-2ஏ வேலை செய்வதும் இதே தத்துவத்தில்தான். வெளிச்சம் அணைந்தபின் அந்தப் பாகம் உடனே முழுதாகப் பழைய நிலைக்கு வராது. முதலில் சட்டென்று பாதி, மீதி மெதுவாக. ஆர்பெஜியோவுக்கு வேண்டியது இதுதான். தம்பி அதே இ மைனரைத் தட்டினான். கட்டைவிரல் அடி அடங்கியது, மூன்றாம் கம்பி தன் உயரத்தில் நின்றது, முதல் கம்பி மணிபோல் ஒலித்து மெல்ல மறைந்தது. மூலையில் கீபோர்டு ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தவர், "இதுல எதுவும் போடலையா?" என்று கேட்டார். பெடல் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

குறையும் உண்டு. ஃபங்க் ரிதத்தில் டைனா காம்ப் தரும் அந்தச் சொடுக்கு இதில் வராது. அட்டாக் குமிழும் இல்லை. வால்யூம், காம்ப், ஈக்யூ மட்டும்தான்.

எஃப்இடி என்ற டிரான்சிஸ்டரால் ஒலியை அமுக்கும் வகை என்று நான்காவதாக ஒன்று இருக்கிறது. 1960களில் பில் பட்னம் வடிவமைத்த 1176 என்ற ஸ்டூடியோ கருவியின் வழியில் வருபவை: ஆரிஜின் எஃபெக்ட்ஸின் காலி76, எம்எக்ஸ்ஆரின் ஸ்டூடியோ கம்ப்ரஸர். ரெக்கார்டிங் செய்பவருக்குத் தகுந்தவை. முதல் கம்ப்ரஸராக இவற்றுக்குச் செலவழிக்க நான் சொல்ல மாட்டேன். அந்தக் காசு இருந்தால், அமுக்காத ஒலியையும் கூடவே கலந்துகொள்ள பிளெண்ட் குமிழ் வைத்த கீலி கம்ப்ரஸர் ப்ளஸ் வாங்கலாம். பிடி இறுகினாலும் கையின் அழுத்தம் அடியில் கேட்கும்.

நீங்களும் இப்படி ஒப்பிடுவதாக இருந்தால் ஒன்று செய்யுங்கள். பெடலை மிதித்தபோதும் விட்டபோதும் சத்தம் ஒரே அளவாக இருக்கும்படி லெவலைச் சரிசெய்த பிறகே வாசியுங்கள். சத்தம் கூடினாலே காது 'நன்றாக இருக்கிறது' என்று சொல்லிவிடும். எங்கள் அறையில் முதல் அரை மணி நேரம் இதற்கே போனது. பெடல் வரிசையில் கம்ப்ரஸரின் இடம் டியூனருக்குப் பின்னால், ஓவர்டிரைவுக்கு (மிதமான கரகரப்பு தரும் பெடல்) முன்னால். ஓவர்டிரைவுக்குப் பின்னால் வைத்தால் அதன் இரைச்சலையும் சேர்த்துத் தூக்கும்.

தம்பி யெல்லோ காம்ப் வாங்கினான். காம்ப் பத்து மணி, ஈக்யூ நடுவில், வால்யூம் பன்னிரண்டுக்குச் சற்று மேலே என்று வெள்ளை பெயிண்ட் பேனாவால் புள்ளி வைத்திருக்கிறான். ஃபங்க் பாட்டு வரும் நாளில் மட்டும் என் டைனா காம்ப்பைக் கடன் வாங்கிப் போகிறான்.