காங்கிரஸ் டாட் கவ்: கிரீன் கார்டு வரிசையில் நிற்பவர்கள் பழகிக்கொள்ள வேண்டிய தளம்

அமெரிக்காவில் இருக்கும் எங்கள் தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுவில் வருடத்துக்கு நாலைந்து முறை இந்தச் செய்தி சுற்றும்: "கிரீன் கார்டு மசோதா பாஸ் ஆகிவிட்டது, எல்லோருக்கும் அனுப்புங்கள்." கிரீன் கார்டு என்றால் இங்கே நிரந்தரமாகத் தங்கும் அனுமதி. அன்று ராத்திரி பாதிப் பேருக்குத் தூக்கம் வராது. நானும் அப்படி விழித்துக் கிடந்தவள்தான். இப்போது அந்தச் செய்தி வந்தால் முதலில் காங்கிரஸ் டாட் கவ் (congress.gov) தளத்தைத் திறக்கிறேன். அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் (பிரதிநிதிகள் சபை, செனட் என்று இரண்டு அவை) வரும் மசோதாக்களைப் பார்க்கும் தளம் அது. மசோதா எண்ணைப் போட்டதும் மேலே ஒரு பட்டை வரும்: அறிமுகம், பிரதிநிதிகள் சபை, செனட், அதிபர், சட்டம். மசோதா எந்தக் கட்டத்தில் நிற்கிறதோ அந்தக் கட்டம் தனியாகத் தெரியும். அநேகமாக எப்போதும் 'அறிமுகம்' கட்டத்தில்தான் நிற்கும். அந்த ஸ்கிரீன்ஷாட்டைக் குழுவில் போட்டுவிட்டுத் தூங்கப் போகிறேன்.

எங்கள் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கணவருக்கு எச்-1பி என்ற வேலை விசா. இபி-2 (மேல்படிப்பு படித்தவர்களுக்கான வேலைவழி கிரீன் கார்டு) வரிசையில் எங்கள் பிரையாரிட்டி டேட், அதாவது வரிசையில் இடம் பிடித்த தேதி, 2014 நவம்பர். மகள் மூன்று வயதில் இங்கே வந்தவள், இப்போது பதினேழு. வேலைவழி கிரீன் கார்டு ஆண்டுக்குச் சுமார் 1,40,000. மனைவி, பிள்ளைகளும் அந்தக் கணக்கிலேயே அடக்கம். பொதுவாக ஒரு நாட்டுக்கு 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது. அதனால்தான் இந்தியர்களின் வரிசை இவ்வளவு நீளம். இந்த 1,40,000 என்பது 1990ஆம் ஆண்டுச் சட்டத்தில் எழுதிய எண். அதை மாற்ற காங்கிரஸால் மட்டும்தான் முடியும், வேறு எந்த அலுவலகத்தில் போய் அழுதாலும் பயனில்லை. இது புரிய எனக்குப் பல வருடம் ஆனது.

தளத்தை நடத்துவது லைப்ரரி ஆஃப் காங்கிரஸ். இலவசம். படிக்க மட்டும் என்றால் கணக்குத் தொடங்க வேண்டியதில்லை, மின்னஞ்சல் அலர்ட் வேண்டுமென்றால்தான் வேண்டும். மசோதாவின் முழு வாசகம், சுருக்கம், திருத்தங்கள் எல்லாம் இருக்கின்றன. ஆனால் நான் அதிகம் பார்ப்பது கோ-ஸ்பான்சர்கள் (மசோதாவை ஆதரித்துப் பெயர் சேர்த்த உறுப்பினர்கள்) பட்டியலைத்தான். எந்த உறுப்பினர், எந்தக் கட்சி, எந்த மாநிலம், எந்தத் தேதியில் பெயர் சேர்த்தார் என்று வரிசையாக இருக்கும்.

அந்தப் பட்டியலின் மதிப்பு எனக்குத் தெரிந்தது 2019இல். எங்கள் தொகுதி உறுப்பினரின் உள்ளூர் அலுவலகத்துக்கு நாலு குடும்பமாகப் போனோம். ஓட்டு இல்லாதவர்களிடம் பேசுவார்களா என்று பயம். பேசினார்கள். அரசிடம் முறையிடும் உரிமையை இந்த நாட்டு அரசியல் சாசனத்தின் முதல் திருத்தம் 'மக்களுக்கு' என்றுதான் கொடுக்கிறது, குடிமக்களுக்கு மட்டும் என்று அதில் இல்லை. இருபத்தைந்து வயதுகூட இருக்காத ஒரு பெண் நோட்டோடு வந்து உட்கார்ந்தாள். ஒவ்வொருவரும் எங்கள் கஷ்டத்தைச் சொன்னோம், ஒருவர் கண்கலங்கினார். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவள் கேட்டாள்: "எந்த மசோதா? எண் என்ன?" எங்களிடம் பதில் இல்லை. நோட்டில் அந்த இடம் காலியாகவே இருந்ததை நான் பார்த்தேன்.

அன்று வீட்டுக்கு வந்து உட்கார்ந்து தேடினேன். எச்.ஆர். 1044, கலிபோர்னியாவின் ஸோயி லாஃப்கிரன் கொண்டுவந்தது, வேலைவழி கிரீன் கார்டில் நாடுவாரி வரம்பை நீக்குவது. பட்டியலில் எங்கள் உறுப்பினர் பெயர் இல்லை. ஆனால் பக்கத்துத் தொகுதிக்காரர், அதே கட்சி, ஏற்கெனவே சேர்ந்திருந்தார். அந்தப் பக்கத்தை அச்செடுத்து, அவர் பெயருக்குக் கீழே கோடு போட்டு, மூன்று வாரம் கழித்து மறுபடி போனோம். இந்த முறை கேட்டது ஒன்றே ஒன்று: உங்கள் உறுப்பினர் இதில் பெயர் சேர்க்க வேண்டும். அந்தப் பெண் எண்ணை எழுதிக்கொண்டு தாளையும் வாங்கி வைத்துக்கொண்டாள். ஒன்றரை மாதம் கழித்து ஒரு காலையில் பார்த்தால் பட்டியலில் அவர் பெயர், தேதியோடு. நாங்கள் போனதால்தான் என்று சொல்ல மாட்டேன், எத்தனையோ பேர் கேட்டிருப்பார்கள். ஆனால் கேட்டவர்களில் நாங்களும் உண்டு.

2019 ஜூலை 10 அன்று பிரதிநிதிகள் சபையில் 365-65 என்று நிறைவேறியது. அப்புறம் செனட். அங்கே இதற்கு இணையான மசோதா எஸ்.386, யூட்டாவின் மைக் லீ கொண்டுவந்தது. வாக்கெடுப்பு இல்லாமல் ஒருமனதாக நிறைவேற்றப் பார்த்தார்கள். அந்த வழியில் ஒரே ஒரு செனட்டர் எழுந்து ஆட்சேபித்தால் போதும், அன்றைக்கு அவ்வளவுதான். ராண்ட் பால் நர்ஸ்களுக்கு இடம் வேண்டும் என்றார். டிக் டர்பின், மொத்த எண்ணிக்கையைக் கூட்டாமல் வரம்பை மட்டும் நீக்கினால் மற்ற நாட்டவர் வருடக்கணக்கில் காத்திருக்க நேரும் என்றார். அப்போது எனக்குக் கோபம் வந்தது. பிறகு அந்த ஆட்சேபங்களை ஒழுங்காகப் படித்தேன். மருத்துவமனைகளும் ஈரான் போன்ற நாடுகளிலிருந்து வந்தவர்களும் எங்களைப் போலவே தங்கள் செனட்டர்களிடம் போய் நின்றிருக்கிறார்கள். அவர்களுக்கும் குழந்தைகள் உண்டு. எங்கள் வேண்டுகோளில் மொத்த எண்ணிக்கையையும் கூட்டுங்கள் என்ற வரியை அதற்குப் பிறகுதான் சேர்த்தோம்.

2020 டிசம்பர் 2 அன்று செனட்டும் நிறைவேற்றியது, ஆனால் வேறு வாசகத்தில். இரண்டையும் ஒன்றாக்கக் காலம் போதவில்லை. 2021 ஜனவரி 3 அன்று அந்த காங்கிரஸின் இரண்டு வருடக் காலம் முடிந்தது, மசோதாவும் அதோடு போயிற்று. தளத்தில் இன்றும் அந்தப் பக்கம் இருக்கிறது. பட்டை செனட்டோடு நின்றிருக்கிறது.

இந்தத் தளத்தில் கிடைக்காதது 'ஏன்'. ஒரு மசோதா கமிட்டிக்குப் போனது என்று தேதியோடு சொல்லும், அங்கே ஏன் கிடக்கிறது என்று சொல்லாது. அதற்கு, குடியேற்ற மசோதாக்களைப் பார்க்கும் ஜுடிஷியரி கமிட்டியின் விசாரணைகளைக் கேட்க வேண்டும், உறுப்பினர் அலுவலகத்தில் கேட்க வேண்டும். கேபிடல் (காங்கிரஸ் கட்டிடம்) தொலைபேசி எண் 202-224-3121. உங்கள் உறுப்பினர் பெயரைச் சொன்னால் இணைத்துவிடுவார்கள்.

இன்னொன்று, எல்லா மாற்றமும் மசோதாவாக வருவதில்லை. எச்-4 விசாவில் (எச்-1பிகாரர் குடும்பத்துக்கான விசா) இருக்கும் துணைவியர் சிலருக்கு வேலை அனுமதி தந்தது காங்கிரஸ் அல்ல, 2015இல் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை போட்ட விதி. அதற்கு முந்தைய ஆண்டு பொதுமக்கள் கருத்துக் கேட்டார்கள். அதை ரெகுலேஷன்ஸ் டாட் கவ் தளத்தில் எழுத வேண்டும். நானும் ஒரு பக்கம் எழுதினேன்: முதுகலைப் பட்டம் வாங்கிவிட்டு வீட்டில் இருப்பதைப் பற்றி, வேலைக்குப் போனால் எவ்வளவு வரி கட்டுவேன் என்பதைப் பற்றி. 2016இலிருந்து வேலைக்குப் போகிறேன். விதிகளைத் தேடுபவர்கள் அந்தத் தளத்துக்குப் போங்கள்.

இப்போது எங்கள் வீட்டில் இதை அதிகம் பார்ப்பவள் மகள். இருபத்தொன்று ஆனதும் எங்கள் பிள்ளை என்ற கணக்கு போய், எங்கள் விண்ணப்பத்தின் நிழலிலிருந்து அவள் விலக வேண்டியிருக்கும். அவளைப் போன்ற பிள்ளைகளுக்காக வந்ததுதான் அமெரிக்காஸ் சில்ட்ரன் ஆக்ட் என்ற மசோதா. 2021இலும் 2023இலும் அறிமுகமானது. பிரதிநிதிகள் சபையில் டெபோரா ராஸ், செனட்டில் அலெக்ஸ் படில்லாவும் ராண்ட் பாலும். ஆமாம், அதே ராண்ட் பால்தான். கோ-ஸ்பான்சர் பட்டியலில் இரண்டு கட்சியையும் அவள் இரண்டு நிறத்தில் குறித்து வைத்திருக்கிறாள்.

பயன்படுத்தப் போகிறவர்கள் ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதிய காங்கிரஸ் கூடும்போது பழைய மசோதா காலாவதி ஆகிவிடும். மறுபடி வந்தால் புது எண்ணில்தான் வரும். பழைய எண்ணுக்குப் போட்ட அலர்ட் எதுவும் சொல்லாது. ஜனவரியிலிருந்து அவ்வப்போது மசோதாவைப் பெயரால் தேடி, வந்ததும் புது எண்ணைக் குறித்துக்கொண்டு, அலர்ட்டைப் புதிதாகப் போடுங்கள். அலுவலகத்தில் கேட்கப்போவது அந்த எண்ணைத்தான்.