மே மாதம் வேண்டாம்: காற்றடிக்கும் பேடில் போர்டும் ஒரு ஃபின்னும்

மினசோட்டாவில் இருக்கும் நண்பன் மே லீவுக்குக் குடும்பத்தோடு ராயபுரம் வருகிறான். அங்கே ஏரியில் வேக்சர்ஃபிங், அதாவது படகு எழுப்பும் அலையில் பலகை மேல் நின்று சறுக்குவது, பழகியவன். "உன் போர்டு இன்னும் இருக்கா? மே மாசம் தண்ணி எப்படி இருக்கும்?" என்று கேட்டிருந்தான். என் போர்டு காற்றடித்து, மேலே நின்று துடுப்புப் போடும் பலகை. அதன் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் தகட்டை, அதாவது ஃபின்னை, இப்போதுதான் மாற்றினேன், கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

அவன் ஊரில் குளிர்காலத்தில் ஏரி உறைந்துவிடும், கோடைதான் சீசன். இங்கே மழை ஓய்ந்த பிறகுதான். வேக்சர்ஃபிங்கை மறந்துவிட வேண்டியதுதான். படகு அந்த அலையை எழுப்பப் பத்தடி ஆழமாவது வேண்டும். புழல் ஏரி நிரம்பினால் 21 அடி நிற்கும், ஆனால் அது நாம் குடிக்கிற தண்ணீர். எண்ணூர் கழிமுகத்தில் 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணெய் பரவியதிலிருந்து அங்கே கால் வைக்க மனசு வரவில்லை. பழவேற்காட்டில் 2011 கிறிஸ்துமஸ் அன்று படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அங்கேயும் விளையாட்டுக்கென்று இறங்க மாட்டேன். அதனால் ஊரையே குறுக்கே கடந்து முட்டுக்காடு கழிமுகத்துக்குப் போகிறேன். சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு கோவளம் பஸ் ஏறிவிடலாம் என்பதே இந்தப் போர்டில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். 15 பிஎஸ்ஐ அழுத்தத்துக்குக் காற்றடித்தால் பலகை மாதிரி நிற்கிறது. வருடக்கணக்கில் வெயில் பட்டும் ஒட்டு விடவில்லை. கரையில் வெயிலில் போடும்போது கொஞ்சம் காற்றை இறக்கிவிட்டால் போதும்.

பிரச்சினை அந்த ஃபின்தான். ஒன்பது அங்குலம். நேராகப் போக வைப்பது அதுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கழிமுகத்தில் மணல்திட்டு எங்கே ஏறியிருக்கும் என்று சொல்லவே முடியாது. ஃபின் தட்டியதும் போர்டு அப்படியே நின்றுவிடும், நாம் மட்டும் முன்னால் போய் விழுவோம். ஃபின்னைப் பூட்டும் பிளாஸ்டிக் லாக்கில் மணல் புகுந்தால் கரைக்கு வந்ததும் கழற்ற முடியாது. கத்தியின் முதுகால் நெம்ப வேண்டும். கடைசியில் ஃபின் அடியோடு முறிந்தது. கம்பெனியில் கேட்டால் குட்டை ஃபின் கிடையாதாம், அதே ஒன்பது அங்குலம்தானாம். காசிமேட்டில் படகுக்கு ஃபைபர் வேலை பார்க்கிற அண்ணனிடம் முறிந்த துண்டைக் காட்டினேன். அளவெடுத்து, ஃபைபர் மேட்டை அடுக்கி ரெசின் ஊற்றி, நாலு அங்குலத்தில் ஒன்று செய்து, ஓரத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தே கொடுத்தார். இப்போது மணலில் தட்டுவதே அபூர்வம். போர்டின் தலை மட்டும் இடதும் வலதுமாக அலையும், பக்கம் மாற்றி மாற்றித் துடுப்புப் போட வேண்டும்.

சரி, மாதத்துக்கு வருகிறேன். அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயலும் வெள்ளமும், இறங்கவே கூடாது. பொங்கலிலிருந்து மார்ச் வரைதான் நல்ல காலம். மழைத்தண்ணீர் இன்னும் நிற்கும், கலங்கல் தெளிந்திருக்கும், வெயிலும் காயாது. விடிந்ததும் இறங்கினால் வாடைக்காற்று வலுப்பதற்குள் கரையேறிவிடலாம். முகத்துவாரம் திறந்திருக்கும் என்பதால் கடல் வற்றம் இறங்கும்போது ஈசிஆர் பாலத்துக்குக் கிழக்கே மட்டும் போகக் கூடாது, இழுவை பிடித்துவிடும். ஏப்ரலுக்கு மேல் மணல் வாயை அடைத்துவிடுகிறது. உள்ளே தண்ணீர் தேங்கி வற்றும், சேறு மேலே வரும். நண்பகலில் கடல்காற்று கிளம்பினால் நின்று துடுப்புப் போடவே முடியாது. ஜூன் முதல் செப்டம்பர் வரை காலையிலேயே மேல்காற்று, சாயங்காலம் இடிமழை.

இவ்வளவு நல்லது சொல்லிவிட்டு இதை எழுத எனக்கே கஷ்டமாக இருக்கிறது: இந்தப் போர்டை வாங்காதே. தண்ணீர் ஆழமில்லாத ஊரில் விற்கிறவர்கள் ஒரு குட்டை ஃபின்னைச் சேர்த்துப் போட மாட்டார்கள் என்றால் அவர்களுக்குக் காசு கொடுக்க எனக்கு மனம் இல்லை. என்னுடையதை விற்கவும் மாட்டேன். லீவைப் பொங்கலை ஒட்டி மாற்ற முடியுமா பார், போர்டை நான் தருகிறேன். பிள்ளைகள் அளவுக்கு லைஃப் ஜாக்கெட் மட்டும் அங்கிருந்தே எடுத்து வா.